இரண்டு விநாடிக்குள் எஃப் நான்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
10-3-1997

அன்புள்ள தனம்,

போன் செய்தால் "எழுதி அனுப்பச் சொல்றா" என்று உன் அக்கா ஜெயலெட்சுமி வைத்துவிடுகிறார். சரி, எழுதுகிறேன். பில்லைத் தவிர வேறு எதையும் எழுதி இருபது வருடமாகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சுங்கை பாக்காப்புக்குப் போய் ஐந்து வாரம். நான் நலம் என்று எழுதினால் பொய். சாப்பாடு மார்க்கெட்டில். கடை நடக்கிறது. கணினியில் போட்ட புதிய விண்டோஸில் நம் கடைப் பெண் நோர்மா பில் அடிக்கிறாள், ஃபேக்ஸ் அனுப்புகிறாள், வேகம்தான். ஆனால் நீ ஆறு வருடமாக, விண்டோஸுக்கு முன்பிருந்த பழைய டாஸில் அடித்து வைத்த உதிரிபாகப் பட்டியல் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. எந்த மோட்டார் சைக்கிளின் சாமான் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதெல்லாம் அதில்தானே இருந்தது? என் மண்டையிலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பாதிகூட இல்லை. நேற்று ஒரு சீனக் கிழவர் கிளட்ச் கேபிள் கேட்டார். மூன்று தட்டு தேடியும் கிடைக்கவில்லை, வெறுங்கையோடு போனார்.

பட்டியலின் நகல் டிஸ்க் உன்னிடம் இருந்தால் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
திருநாவுக்கரசு


சுங்கை பாக்காப்
13-3-1997

அத்தானுக்கு,

அக்காவின் கால் தேறி வருகிறது. நானும் நலம். டிஸ்க் என்னிடம் இல்லை, தேவையும் இல்லை. பட்டியல் அழியவில்லை. உங்கள் மேசையில் அதே கணினிக்குள்தான் இருக்கிறது. கணினிக்காரர் கமால் விண்டோஸைப் போட்டபோது டாஸை அழிக்காமல் பக்கத்திலேயே விட்டு வைத்திருக்கிறார். இங்கே வந்த மூன்றாம் நாளே அவருக்குப் போன் செய்து கேட்டேன். "அண்ணன்கிட்ட சொன்னேன்க்கா. சாமான் வாங்க வந்த ஆள்கிட்ட பேசிக்கிட்டே தலைய ஆட்டுனாரு" என்றார்.

கணினியைப் போட்டதும் விண்டோஸ் தொடங்குவதாக ஒரு வரி வரும். இரண்டு விநாடிதான் நிற்கும். அதற்குள் எஃப் நான்கு பொத்தானை ஒரு தடவை தட்டினால் டாஸ் திறக்கும். விண்டோஸுக்குள் இருந்துகொண்டு பட்டியலைத் திறக்கப் பார்க்காதீர்கள், பாதியில் நின்றுவிடும்.

பட்டியலைக் காணவில்லை என்பதற்காக நான் கிளம்பவில்லை. அக்காவின் ஆபரேஷனுக்கு நான் இங்கே வந்திருந்த இரண்டு நாளில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணினியை மாற்றினீர்கள். திரும்பி வந்து பட்டியல் எங்கே என்று கேட்டேன். நோர்மாவும் இரண்டு வாடிக்கையாளரும் நிற்கும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "போனா போகட்டும்லா. நோர்மா புதுசா அடிச்சிக்குவா."

தனலெட்சுமி


ஆயர் ஈத்தாம்
17-3-1997

அன்புள்ள தனம்,

ஐந்து வாரமாகத் தெரிந்துகொண்டே சும்மா இருந்தாயா? சரக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆளை அலைய விடுவதில் என்னையே மிஞ்சிவிட்டாய்.

இரண்டு விநாடி என் விரலுக்குப் போதவில்லை. ஒரு நாள் காலை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. பொத்தானின் மேல் ஒரு பழைய பிரேக் ஷூவைத் தூக்கி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டேன். அது கத்திய கத்தில் பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நோர்மா சிரித்து முடித்துவிட்டு ஒரே தட்டில் திறந்தாள்.

கறுப்புத் திரையில் உன் பட்டியல். உட்கார்ந்து படித்தேன். சில இடத்தில் நீ குறிப்பு போட்டிருக்கிறாய்: "அத்தான் பொருந்தும் என்கிறார். பொருந்தாது." ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

அன்றைக்குச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. கோபத்தில்கூடச் சொல்லவில்லை. என்ன போகிறது என்று தெரியாமல் சொன்னேன். அது இன்னும் மோசம் என்று நீ சொல்வாய்.

தினமும் இந்த இரண்டு விநாடிப் போராட்டம் ஆகாது. வேறு வழி உண்டா?

திருநாவுக்கரசு


சுங்கை பாக்காப்
20-3-1997

அத்தானுக்கு,

கமாலிடம் கேட்டேன். கணினியின் தொடக்கக் கோப்பில் மூன்று வரி சேர்க்க வேண்டும். தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நோர்மாவிடம் கொடுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம். அதன்பின் கணினியைப் போட்டதும் விண்டோஸா, டாஸா என்று அதுவே கேட்கும். முப்பது விநாடி காத்திருக்கும். யாரும் எதையும் அழுத்தாவிட்டால் ஒன்றைத் தானாகத் திறக்கும். எதைத் திறக்க வேண்டும் என்பதுதான் மூன்றாவது வரி. அதில் எண்ணை எழுதாமல் விட்டிருக்கிறேன். விண்டோஸுக்கு எது, டாஸுக்கு எது என்று கீழே இருக்கிறது. நீங்களே போடுங்கள்.

இங்கே ஓர் இரும்புக் கடையில் ஏப்ரல் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்கிறார்கள். மூன்றாவது வரியில் எதைப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

தனலெட்சுமி


ஆயர் ஈத்தாம்
24-3-1997

அன்புள்ள தனம்,

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். டாஸைப் போட்டால் நீ குளிர்ந்துபோவாய், இரும்புக் கடைக்கும் போகமாட்டாய் என்று தோன்றியது. ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் வேண்டியது பில்லும் ஃபேக்ஸும். உன் பட்டியல் நாளைக்கு நாலைந்து தடவைதான் வேண்டும். வேண்டும்போது அதை விட்டால் வேறு கதி இல்லை, அது உண்மை. ஆனாலும் விண்டோஸைத்தான் போட்டிருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

இன்னொன்று. அன்று நின்றிருந்த இரண்டு வாடிக்கையாளரில் ஒருவர் நம்மிடம் சாமான் வாங்கும் மெக்கானிக் சின்னையா. சனிக்கிழமை வந்தார். நோர்மாவும் இருந்தாள். அவரை நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "அண்ணே, அன்னிக்கு நான் பேசுனது தப்பு. தனத்தோட பட்டியல் போயிருந்தா பாதிக் கடை போயிருக்கும்." அவர், "இத ஏன் தம்பி எங்கிட்ட சொல்றே? அவங்ககிட்ட சொல்லுலா" என்றார். இதோ, சொல்லிவிட்டேன்.

இரும்புக் கடை வேலை பிடித்திருந்தால் போ, தடுக்கமாட்டேன். ஆனால் நீ எங்கே இருந்தாலும், இந்தக் கடையில் இனி எதை மாற்றுவதானாலும் உன்னைக் கேட்டுத்தான் மாற்றுவேன்.

திருநாவுக்கரசு


சுங்கை பாக்காப்
27-3-1997

அன்புள்ள அத்தானுக்கு,

சரக்கு விஷயத்தில் நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்காக ஆரம்பித்துவிடுவீர்களோ என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். டாஸ் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

இரும்புக் கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை பஸ் பிடித்து பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறுவேன். பத்து மணிக்குப் படகுத்துறைக்கு வேனைக் கொண்டுவாருங்கள். அக்கா ஒரு மூட்டை தேங்காய் கட்டியிருக்கிறார்.

விண்டோஸை நானும் பழக வேண்டும். அதற்காக நோர்மாவை இடத்தை விட்டு எழுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

தனம்