தூசிப் பைக்கு ஒரு சேலை

குமாரபாளையம்,
12-6-1938

அன்புள்ள பெரியநாயகிக்கு, பாலசுந்தரம் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். நீயும் அத்தையும் தறியும் நலமென்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. என் இருமல் பாதி குறைந்துவிட்டது. மில்லில் பஞ்சு உதறும் கூடத்தில் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவு தூசி பறக்கும் என்று முன்பே எழுதியிருக்கிறேன். முதலாளி இப்போது ஒரு காற்றாடி வாங்கிப் போட்டிருக்கிறார். அது தூசியை உறிஞ்சித் தகரக் குழாய் வழியாக ஒரு பைக்குள் தள்ளும். பை தூசியைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விட வேண்டும். பைக்கு மெல்லிய மல் துணி போட்டேன். தூசியும் காற்றோடு வெளியே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சு பொறுக்கும் குஞ்சம்மாள், "ஏனுங்க மேஸ்திரி, இப்பிடி இருமுனா நெஞ்சு என்னத்துக்கு ஆவறது?" என்று தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து என் மூக்கில் கட்டினாள். சாயங்காலம் அவிழ்த்தால் வெளிப்புறம் அப்பிய தூசி, உட்புறம் சுத்தம். உடனே மீதிச் சேலையையும் கேட்டு வாங்கிப் பையாகத் தைத்துவிட்டேன். அற்புதமாக வேலை செய்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தாராள மனசு.

நாம் குடியிருக்க வீடு பார்த்துவிட்டேன். ஆவணி பிறந்ததும் புறப்பட்டு வா.

பிரியமுள்ள,
பாலசுந்தரம்


இளம்பிள்ளை,
20-6-1938

மாமா அவர்களுக்குப் பெரியநாயகி வணங்கி எழுதுவது.

அம்மா சௌக்கியம். தறி சௌக்கியம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இருமல் குறைந்ததில் மிகவும் சந்தோஷம். இத்தனை வருஷம் நான் காய்ச்சிக் கொடுத்த சுக்குக் கஷாயத்துக்கு அடங்காதது ஒரு முழத் துணிக்கு அடங்கியிருக்கிறது. தெரிந்திருந்தால் சுக்கு மிஞ்சியிருக்கும்.

ஒரு சந்தேகம். தங்களுக்குக் கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன? பின்னந்தலையில் முடிச்சை யார் போட்டது?

நூல் கொண்டுவரும் வண்டிக்கார சென்றாயன் உங்கள் மில்லுக்குப் போய்வந்து சொன்னான்: "செவப்புக் கரைச் சேலைங்க அக்கா. காத்தக் குடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள ஒரு ஆளு நிக்கிற மாதிரி குண்டா நிக்குது. மில்லே அதக் குஞ்சம்மான்னுதான் கூப்பிடுது. பொழுது சாய 'குஞ்சம்மாளத் தட்டியாச்சா?'ன்னு முதலாளியே கேக்கறாருங்க. மேஸ்திரி வேற யாரையும் தொட உடமாட்டேங்கறாரு."

வீடு பார்த்த விஷயம் படித்தேன். அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு சேலை தொங்கும்போது இன்னொன்று எதற்கு என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியநாயகி


குமாரபாளையம்,
27-6-1938

அன்புள்ள பெரியநாயகிக்கு,

முடிச்சு அவள்தான் போட்டாள். என் கை எண்ணெய்க் கை.

தினமும் தட்டாவிட்டால் தூசி அடைத்து மூச்சு முட்டிப்போகும். பையைத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் முரட்டுத்தனமாகத் தட்டிக் கிழித்துவிடுவார்கள். அதற்குப் பதமான கை வேண்டும்.

வேறு துணி கிடையாதா என்று நீ நினைக்கலாம். புதுத் துணி உதவாது. வருஷக்கணக்கில் உடுத்தித் துவைத்துப் பழகிய சேலைதான் இளகியிருக்கும். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியும். குஞ்சம்மாளின் சேலையில் அந்தப் பக்குவம் இருக்கிறது.

இதைவிடத் தெளிவாக எனக்கு எழுத வராது. இனி உனக்கு எந்தச் சந்தேகமும் இருக்காது என்று நம்புகிறேன்.

பிரியமுள்ள,
பாலசுந்தரம்


இளம்பிள்ளை,
18-7-1938

மாமா அவர்களுக்கு,

தெளிவாகவே புரிந்தது.

சென்றாயனிடம் ஒரு துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன். நானே நெய்தது. ஊசி முனை நுழையாது. இளம்பிள்ளைச் சரக்கு வெளியூரில் தொய்ந்து நிற்கக்கூடாது என்று கஞ்சியும் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். சிவப்புக் கரையை இறக்கிவிட்டு இதை மாட்டவும். மாட்டியதைச் சென்றாயன் கண்ணால் பார்த்து வந்து சொன்னால் ஆவணியில் வருகிறேன். சொல்லாவிட்டால் அந்த வீட்டை யாருக்காவது விட்டுவிடவும்.

பெரியநாயகி


குமாரபாளையம்,
25-7-1938

அன்புள்ள பெரியநாயகிக்கு,

துவைத்துவிட்டு மாட்டலாம் என்றுதான் சொன்னேன். "நான் பாக்கறப்பவே மாட்டோணும்னு அக்கா சொல்லியுட்டுருக்குதுங்க" என்று சென்றாயன் குழாயை விட்டு நகரவில்லை. நீ வரவேண்டுமே என்று, என்ன ஆகும் என்று தெரிந்தே பையாகத் தைத்து மாட்டினேன். சென்றாயன் திருப்தியாக வண்டியைப் பூட்டினான்.

அவன் போன பிறகு முதலாளி, தொழிற்சாலை இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு பையைக் காட்ட வந்தார். உன் துணி தூசியைப் பிடித்தது. காற்றையும் பிடித்தது. எதையும் விடவில்லை. ஆளளவு இருந்த பை நெல் குதிர் அளவு உப்பி, தையல் விட்டு வெடித்தது. கறுப்புக் கோட்டில் வந்த இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கோட்டில் திரும்பிப் போனார்.

நெசவில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சங்கடம்.

பழைய பையை இறக்கும்போதே கிழித்து எஞ்சின் துடைக்க எடுத்துப் போய்விட்டார்கள். கூடத்தில் மறுபடியும் தூசி. எனக்கு மறுபடியும் இருமல், முன்னைவிட அதிகம். ஆடி முடிவதற்குள் சரியான பை மாட்டாவிட்டால் காற்றாடியையும் விற்றுவிடுவேன், மேஸ்திரியையும் மாற்றிவிடுவேன் என்கிறார் முதலாளி. குஞ்சம்மாளிடம் கட்டியிருப்பது போக மாற்றுச் சேலை ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

பாலசுந்தரம்


இளம்பிள்ளை,
30-7-1938

மாமா அவர்களுக்கு,

ஆவணி வரை காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை சென்றாயன் வண்டியில் வருகிறேன். தறியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

கல்யாணமான வருஷம் நீங்கள் எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையை எடுத்துவருகிறேன். அதைக் கட்டித்தான் இத்தனை வருஷம் தறியில் உட்கார்ந்தேன். விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் எழுதிய பக்குவம் அதற்கும் இருக்கிறது. கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

குஞ்சம்மாளுக்கும் ஒரு புதுச் சேலை கொண்டுவருகிறேன். எனக்காக நெய்து வைத்திருந்தது. ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றை மாற்றிக்கொண்டிருப்பவளிடம் நான் கடன்பட்டிருக்க வேண்டாம். நல்ல அழுத்தமான நெசவு. அவள் ஆயுளுக்கும் துவைத்தாலும் இளகாது. இனி யாருக்கும் கிழித்துக் கொடுக்க அவளிடம் பழைய சேலை இருக்காது.

மில்லில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவைக்கவும். அந்தப் பைக்கு இனி என் பெயர். தினமும் தட்டுவது நீங்கள். மூக்கில் கட்டும் துணிக்கு முடிச்சுப் போடுவது நான்.

பெரியநாயகி