வந்த நாளைச் சேர்ப்பதில்லை

இன்றைக்குக் காலையிலும் கலண்டர்த் தாள் கிழிந்திருந்தது. நான் கிழிக்கவில்லை. முகம் கழுவி, குசினிக்குள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், சுவரில் இன்றைய திகதி நிற்கிறது. நேற்றைய தாள் அலுமாரிக்கு மேலே, உங்கள் பிஸ்கட் பேணிக்குள் மற்றத் தாள்களோடு கிடக்கிறது. பேணியைத் திறந்தால் அதே மணம்தான், நனைந்த கடதாசியும் வாவிச் சேறும். இது எனக்குப் புதிதல்ல. ஆனால் இன்றைக்குக் கிடந்த தாளின் பின்பக்கத்தில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுங்கள். உங்களுக்கு இப்போது என்ன அவசரம்?

இந்தியாவிலிருந்து இரண்டாம் முறையாகத் திரும்பி வந்த அன்று, பயணப் பையைக்கூட அவிழ்க்காமல் சுவரில் ஆணி அடித்தீர்கள். நாள் நாளாகக் கிழிக்கிற கலண்டர் ஒன்றை மாட்டினீர்கள். அதற்குப் பிறகு காலையில் எழும்பினால் முதல் வேலை அதுதான். முந்தின நாள் தாளைக் கிழிப்பீர்கள், பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தில் “வீட்டில் இருந்தேன்” என்று எழுதுவீர்கள், பேணிக்குள் போடுவீர்கள். வேறு ஒரு சொல் எழுதமாட்டீர்கள். “அந்த நாளில மழை பெய்ஞ்சது, நண்டுக் கறி ஆக்கினன், அதையும் எழுதுங்களன்” என்று நான் பகிடி பண்ணுவேன். “கேக்கிறவங்களுக்கு நண்டு எதுக்கு புள்ள? இருந்தேன்னு காட்டினாப் போதும்” என்பீர்கள்.

சட்டம் சின்னதுதான். இந்த நாட்டுப் பிரஜையைக் கட்டியவர் தானும் பிரஜையாகப் பதிய வேண்டுமென்றால், விண்ணப்பம் போடுவதற்கு முந்தின ஒரு வருடம் முழுக்க இந்த நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். நடுவில் கடல் தாண்டினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இதை இந்த நாட்டிலேயே பிறந்த உங்களுக்கு ஒருவர் விளங்கப்படுத்தினார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவர் நீங்கள். அங்கே உங்களைச் சிலோன்காரன் என்றார்கள். நான் சண்டைக்குப் பயந்து அங்கே முகாமுக்கு ஓடிவந்து, முகாம் வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த உங்களைக் கட்டி, எல்லாம் ஓய்ந்த பிறகு இங்கே கூட்டி வந்தால், என் சனமே உங்களை இந்தியாக்காரர் என்றது.

“ரெண்டு கரையிலயும் என்னை அடுத்த கரைக்காரன்னுதான் சொல்றாங்க” என்று சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “சாகிறதுக்குள்ள ஒரு தடவை, இவன் இந்த ஊர் ஆளுன்னு யாராவது சொல்லிட்டா போதும்” என்றீர்கள். அதற்குப் பிறகு நான் இந்த விசயத்தில் பகிடி விடவில்லை.

முதல் முறை எண்ணியபோது பத்து மாதம் முடிந்திருந்தது. முறித்தவள் நான்தான். என் வலது கண்ணில் புரை விழுந்து மங்கி, மதுரைக்குப் போய் வெட்டினால் சரிவரும் என்று சொன்னார்கள். “நீங்க இரிங்க, நான் அண்ணனோட போய் வாறன்” என்று எத்தனை தரம் சொன்னேன்! “உன்னத் தனியா அனுப்பிட்டு இங்க உட்கார்ந்து நாள் எண்ணச் சொல்றியா?” என்று என் மேல் பாய்ந்தீர்கள். வந்தீர்கள். கட்டுப் போட்ட கண்ணோடு நான் கட்டிலில் கிடந்து அழுதது கண்ணுக்காக அல்ல, அந்தப் பத்து மாதத்துக்காக. அதை உங்களிடம் நான் சொன்னதில்லை.

இரண்டாம் முறை ஆறாவது மாதத்தில் திருச்சியிலிருந்து தொலைபேசி வந்தது. உங்களைத் தூக்கி வளர்த்த அக்கா போய்விட்டா. பையை நான் அடுக்கினேன். நீங்கள் அதைத் திரும்பவும் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் வாவிக்குள் இறங்கினீர்கள். இடுப்பளவு தண்ணீரில் மத்தியானம் வரை அசையாமல் நின்றீர்கள். கரையில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிப்போனது. ஏறி வந்து சொன்னது ஒன்றுதான்: “அக்கா மன்னிச்சிரும். தாள் மன்னிக்காது.” அடுத்த நாள் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். அதே “வீட்டில் இருந்தேன்” தான். ஆனால் பென்சிலை அழுத்திய அழுத்தில் எழுத்து மறுபக்கம் வரை புடைத்திருந்தது.

பிறகு அந்தக் காலை. தாளைக் கிழித்து எழுதிப் போட்டுவிட்டு, இறால் வடிக்கிற அத்தாங்கு வலையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அரை மணித்தியாலத்தில் உங்களை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டொக்டர். சாறனிலிருந்து தண்ணீர் சொட்டி விறாந்தை எல்லாம் நனைந்தது. மாமிமார் தலைவிரித்து அழுதார்கள். நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒப்பாரி சொல்ல வேண்டிய வாயால் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்த நாளையும் சேர்த்து அன்றைக்கு முந்நூற்று முப்பத்தாறு. இன்னும் இருபத்தொன்பது நாள். இருபத்தொன்பது!

அப்போதுதான் மூளையில் தட்டியது. எங்கள் சனத்துக்கு, செத்தவர் முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் வீட்டை விட்டுப் போவதில்லை. அறைக்குள் விளக்கு எரியும், செம்பில் தண்ணீர் இருக்கும், வேளைக்குச் சோறு படைப்போம். முப்பத்தோராம் நாள் வாவிக்கரையில் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பிவைப்போம். அப்படியென்றால், செத்த நாளையும் சேர்த்து எண்ணினால், முப்பதாம் நாளோடு உங்கள் வருடம் முழுசாகிவிடும். யாரிடம் போய் இதைச் சொல்வது? பைத்தியம் என்பார்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டேன். கலண்டரைத் தொடவும் எனக்கு மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலை பார்க்கிறேன், கலண்டர் சரியான திகதியில் நிற்கிறது. அண்ணன் பெண்சாதி அந்தக் கிழமை என்னோடு தங்கியிருந்தா. கேட்டேன்.

“நான் தொடல்ல மச்சாள்” என்றா. “ஏன், என்ன?”

“ஒண்டுமில்ல.”

பேணியைத் திறந்தேன். புதிதாக விழுந்திருந்த தாள்கள் ஈரமாக இருந்தன. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

பதினெட்டாம் நாள் உச்சி வெயிலில் ஒரு பெண்பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தா. வெளியூர், விசாக் கந்தோரில் வேலைக்குப் புதிது. வதிவிட விசாவில் இருக்கிறவர் பதிந்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்க்க வந்திருக்கிறாவாம். உங்கள் சாவு அந்தக் கந்தோருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. விளக்கு வைத்த உங்கள் படம் உள் அறையில் இருந்தது, அவ காணவில்லை. கையில் ஃபைலோடு நின்று, “ஐயா இஞ்சதான் இரிக்காரா அம்மா?” என்று கேட்டா.

என் வாய் தானாகச் சொன்னது: “ஓம் மகள். இரிக்காரு.”

“ஓம் ஓம், கண்டன்” என்று எழுதத் தொடங்கினா. “தோணியடியில அத்தாங்கோட நிண்டவர். வீடு எது எண்டு அவர்தான் காட்டினார்.”

 கதிரையைப் பிடித்துக்கொண்டேன். “என்ன கதைச்சவரு?” என்று கேட்டேன்.

“ஒரு விசயம்தான் கேட்டார். ஒரு வருசம் எண்ணக்குள்ள, வந்து இறங்கின நாளையும் சேர்ப்பீங்களா எண்டு. சேர்க்கிறல்ல ஐயா, அடுத்த நாள்ல இருந்துதான் எண்டன். அதைக் கேட்டதும் முகம் வாடிப்போச்சு, பாவம்.”

அந்தப் பிள்ளை கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. நான் படலையடிக்குப் போகவில்லை. பயந்துபோனேன், உண்மையைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் படுத்த மனிசனுக்கு, நடு வெயிலில் பயந்து கதவைப் பூட்டினேன். உள்ளே வந்து விரல் விட்டு எண்ணினேன். வந்த நாளைக் கழித்துவிட்டால் முப்பத்தோராம் நாள் பொழுதுபடும் வரை நீங்கள் இங்கே இருக்க வேண்டும். கிரியையோ அன்று விடியவே. ஒரு நாள் குறைகிறது. பயம் எங்கே போனதோ தெரியாது, எனக்குக் கோபம்தான் வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு, கிரியையை ஒரு நாள் தள்ளி வைக்கச் சொன்னேன்.

“விளையாடுறியா? முப்பத்தொண்டு எண்டா முப்பத்தொண்டுதான். நாள் தாண்டி ஆளை வீட்டுக்குள்ள மறிச்சு வச்சா மறுகா வழி தெரியாமப் போயிரும் தங்கச்சி. இது விளையாட்டில்ல.”

“அவருக்கு இன்னும் ஒரு நாள் இரிக்கி அண்ணன்.”

“என்ன நாள்?”

“என்ட வீடு. நான் சொல்ற நாளைக்குத்தான்.”

அண்ணன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, ‘இவளோட மல்லுக்கட்ட ஏலாது’ என்று விட்டுவிட்டார்.

முப்பத்தோராம் நாள் யாரும் வரவில்லை. படலையைச் சங்கிலி போட்டுக் கட்டினேன். காற்றே இல்லை. வாவி அசையாமல் கிடந்தது, ஒரு காகம்கூடக் கத்தவில்லை. இரண்டு கோப்பையில் சோறு போட்டேன், நண்டுக் கறி ஆக்கியிருந்தேன். “இண்டைக்கு ஒரு நாள்தான். எங்கயும் போகாம இரிங்க” என்று சத்தமாகவே சொன்னேன். பின்னேரம் குசினிக்குள்ளிருந்து வந்து பார்த்தால் சீமெந்து நிலத்தில் ஈரக் காலடிகள். பின்கதவிலிருந்து கலண்டர் மாட்டிய சுவர் வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாகக் காயும் வரை நான் அவற்றுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாவிக்கு அப்பால் பொழுது விழுந்தது. “முடிஞ்சிது” என்றேன். அழுகை அப்போதுதான் வந்தது, அடக்க முடியாமல் வந்தது.

அடுத்த நாள் விடிய வாவிக்கரையில் எல்லாம் செய்தோம். அண்ணன் மகன்தான் உங்களுக்குக் கடமை செய்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி, “எங்கட ஊர் ஆள், நல்லபடியாப் போய்ச் சேரட்டும்” என்றார். கேட்டீர்களா? அப்படித்தான் சொன்னார். திரும்பிப் பாராமல் வீட்டுக்கு நடக்க வேண்டும் என்றார்கள், நடந்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, நான்தான் கடைசி. ஆனால் வலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் படலை வரைக்கும் என்னோடு வந்தது.

மறுநாள் காலையிலும் தாள் கிழிந்திருந்தது.

சாவுப் பத்திரத்தைக் கொண்டு அந்தக் கந்தோருக்குப் போனேன். அந்தப் பிள்ளை திகதியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு, “அம்மா, அண்டைக்கு அவர்ர சாறனெல்லாம் ஈரம்” என்று மட்டும் சொன்னா. ஃபைலை மூடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் இப்போதும், இன்னொரு முறை கிரியை செய்து அனுப்புவோம் என்கிறார். எங்கே அனுப்புவது? விசாவில் வந்தவர் என்றால் நாள் முடிய அனுப்பலாம். ஒரு நாளும் முறியாமல் வருடத்தை முடித்த மனிசனை எந்த ஊருக்கு அனுப்புவது? நான்தானே உங்களை இருக்க வைத்தேன்.

இப்போது என் இடது கண்ணும் மங்குகிறது. இந்த முறை கடல் தாண்டத் தேவையில்லை, கண்டியிலேயே வெட்டலாமாம். மூன்று இரவு அங்கே தங்க வேண்டும். புதன்கிழமை அண்ணன் வான் கொண்டு வருகிறார். நேற்றுப் பின்னேரம் பையை அடுக்கி வைத்தேன். இன்று காலை பை அலுமாரிக்குள் இருந்தது.

தாளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இத்தனை மாதமாக வெறுமையாக விழுந்த தாள்களின் பின்பக்கத்தில் இன்றைக்குத்தான் எழுத்து இருக்கிறது. யன்னலடியில் வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டி வாசித்தேன். “இருவரும் வீட்டில் இருந்தோம்.” யாருடைய கையெழுத்து என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தனிய இருக்கிறவள், நானே எழுதிவிட்டு மறந்தேனோ என்றும் நினைத்தேன். தாளைத் திருப்பி விரலால் தடவினேன். எழுத்து மறுபக்கம் வரை புடைத்திருந்தது.

அண்ணனிடம் வான் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். கண் போவது எனக்குப் பயம். உங்களை நினைத்தாலும் பயம்தான், மறைத்து என்ன செய்ய? ஆனால் ஒரு முறை உங்கள் பத்து மாதத்தை முறித்தவள் நான், இன்னொரு முறை முறிக்கமாட்டேன். இப்போது எண்ணுவது இருவரின் நாளையும். நடுவில் ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணி முடிக்க இனி என்னிடம் நாள் இல்லை.