பச்சைச் சுருளில் குத்திய ஊக்கு

9 ஜனவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கடிதம் துறைமுக ஆபீஸ் மேசையில் ஆறு நாள் தூங்கி எழுந்து, ஒருவழியாக என் கைக்கு வந்தது. இந்த நாட்டில் குளிர் கொல்கிறது. கிரேன் கூண்டுக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் கால் என்னுடையதுதானா என்று தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மூன்றாம் தேதி அப்பாவுக்கு எழுபது. மறந்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை. என்ன வாங்குவது என்றுதான் ஒரு மாதமாக மண்டையைக் குடைகிறேன்.

நம் அப்பாவுக்குப் பரிசு வாங்குவது மற்றவர்கள் அப்பாவுக்கு வாங்குவது போலவா? மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் கடைசிப் பரிசோதகர். அவர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாமல் ஒரு விசிறி வாசலைத் தாண்டியதில்லை; குறை இருந்தால் சிவப்பு. ஓய்வு பெற்றவர் அந்தப் பச்சையையும் சிவப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். இரண்டு சுருளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டையே தொழிற்சாலை ஆக்கிவிட்டார். நான் வாங்கிக் கொடுத்த எதற்காவது பச்சை கிடைத்திருக்கிறதா, நினைவுபடுத்திப் பார். பேனா, சிவப்பு. செருப்பு, சிவப்பு. ஐந்து வருஷத்துக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு மேசை விசிறி. விசிறிக்காரருக்கே விசிறி வாங்கிப்போன புத்திசாலி நான்தான். சாப்பிட உட்காருவதற்குள் அதைக் கழற்றி, "பேரிங் சத்தம் போடுது" என்று சிவப்பை ஒட்டி என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வரி எழுதவில்லை, ஊர்ப் பக்கமும் வரவில்லை. அவரும் வா என்று சொல்லவில்லை.

எனக்கு நாற்பத்தொன்று ஆகப்போகிறது அக்கா. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் கையால் ஒரு பச்சை வேண்டும். அது கிடைத்தால் ஜூன் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன். என்ன வாங்கலாம், நீயே சொல்.

அன்புடன்,
உன் தம்பி


24 ஜனவரி 1994

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். ரொட்டித் தொழிற்சாலையில் என்னைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் திரும்பி வரும் வரைக்கும் அப்பா தனிதான். கீழ் வீட்டுத் தையற்காரர் அவ்வப்போது மேலே வந்து எட்டிப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷர்.

உனக்குப் பேனாவும் செருப்பும்தான் சிவப்பு. எனக்குப் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சிவப்பு. ஒருவருக்கு நடையில் கோணல், ஒருவருக்குப் பேச்சில் அவசரம். ஆக, நாற்பத்தாறு வயதில் அவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு இருக்கிறேன். நான் எங்கே போய் முறையிடுவது? சும்மா சொன்னேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போன வாரம் என் புதுக் குடையை அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் பச்சை ஒட்டினார். இப்போதெல்லாம் எதையும் கையால்தான் பரிசோதனை செய்கிறார். வெளியே அதிகம் போவதில்லை. செய்தித்தாளை நிறுத்திவிட்டோம்.

பரிசுக்கு என் யோசனை: பார்க்கிற சாமான், படிக்கிற சாமான் எதுவும் வேண்டாம். காதால் கேட்கிற சாமானாக இருந்தால் நல்லது. ஒரு ரேடியோ வாங்கி அனுப்பு, பெரிய பொத்தான் உள்ளதாக. ஏன் எதற்கு என்று கேட்காதே, அக்கா சொன்னால் கேட்டுக்கொள்.

பரிசே இல்லாமல் நீ மட்டும் வந்தாலும் போதும். பச்சை கிடைத்தால்தான் வருவேன் என்று அப்பனிடம் பந்தயம் கட்டுகிற பிள்ளையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

உன் அக்கா


6 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்காவுக்கு,

ரேடியோவா? எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ரேடியோவை நீட்டினால் "ஸ்பீக்கர் கரகரங்குது" என்று அடுத்த சிவப்பு தயார். உன் யோசனையை மரியாதையோடு ஒதுக்கி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கைக்கடிகாரம் வாங்கிவிட்டேன். பேட்டரி இல்லை, தினம் சாவி கொடுக்கிற வகை. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றுவதை அப்படியே பார்க்கலாம். அவர் கழற்றாமலே உள்ளே பார்க்கட்டும் என்றுதான் இதைத் தேடிப் பிடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை மூன்று கடைகளில் நின்றேன். கடைசிக் கடைக்காரர், "இவ்வளவு நேரம் பாக்கிறீங்களே, நீங்க கடிகார மெக்கானிக்கா?" என்று கேட்டார். இல்லை, பரிசோதகரின் மகன் என்றேன். சொன்னபோது ஏனோ பெருமையாக இருந்தது.

நேரம் ஒரு வாரம் பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம் கூடத் தப்பவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. இதில் குறை கண்டுபிடித்தால் அவர் மனுஷரே இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சிபாரிசு செய்யக் கூடாது. அவரே பார்த்து, அவரே ஒட்டட்டும்.

உன் தம்பி


4 மார்ச் 1994

அன்புத் தம்பிக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

கடிகாரம் முதல் நாளே வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்தேன். பையில் இருந்த சில்லறைச் சாமான்களை எல்லாம் எடுத்துத் துடைத்து மறுபடி ஒழுங்காக வைத்தேன். ஸ்டிக்கர் சுருளில் போய் ஊக்கு குத்தி வைத்திருக்கிறார், பார். துருப்பிடித்த அந்த ஊக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்று குத்தினேன்.

காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி அனுப்பியிருக்கிறான் என்று பெட்டியைக் கையில் கொடுத்தேன். "சின்னவனா?" என்றார். பிறகு கடிகாரத்தை எடுத்து விளிம்பு, பட்டை, சாவி எல்லாவற்றையும் விரலால் தடவினார். காதில் வைத்தார். நம்ப மாட்டாய், ஒரு மணி நேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரித்தார்.

எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். மாலையில் வந்து கேட்டால், பெட்டியின் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டி, அந்த மூடியை மட்டும் தாமே உறையில் போட்டுப் பசை தடவி மூடி, தையற்காரரைக் கூப்பிட்டு விலாசம் எழுத வைத்து, தபாலிலும் போட்டாகிவிட்டதாம். "என்ன கலர்ப்பா?" என்றேன். "அவனுக்கு அனுப்புனதை உனக்கு எதுக்குச் சொல்லணும்?" என்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜூனில் உனக்குக் கட்டிலைத் தயார் செய்து வைக்கட்டுமா?

உன் அக்கா


21 மார்ச் 1994

அப்பாவுக்கு,

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். நீளமாக எழுத ஒன்றுமில்லை.

நீங்கள் அனுப்பிய மூடி கிடைத்தது. சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தேன். கொஞ்சமும் கோணாமல், சரியாக நடுவில் ஒட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு கவனம்.

கடிகாரத்தில் என்ன குறை என்று நான் கேட்கப் போவதில்லை. குறை கடிகாரத்தில் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்ற நாளிலேயே என் நெற்றியில் இதை ஒட்டியிருந்தால் இத்தனை வருஷ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

சிவப்பு ஒட்டிய சாமானைச் செய்தவனிடமே திருப்ப வேண்டும் என்பீர்கள். கடிகாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இனி நான் எதையும் அனுப்ப மாட்டேன். வரவும் மாட்டேன்.

உங்கள் மகன்


5 ஏப்ரல் 1994

தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கண் தெரியாது.

இரண்டு வருஷமாகிறது. கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருப்பது மட்டும் தெரியும். உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "கண்ணு போச்சுன்னா பரிதாபப்பட்டு ஓடி வருவான். எனக்கு அப்படி வர்றவன் வேண்டாம். அவனா வரட்டும்" என்றார். எத்தனை கெஞ்சியும் கேட்கவில்லை. குடையையும் ரேடியோவையும் பற்றி எழுதியபோது நீ புரிந்துகொள்வாய் என்று பார்த்தேன். உனக்கு எங்கே அதற்கு நேரம்?

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். "உங்க பையன் உங்க பேருக்கே எழுதியிருக்காருங்க" என்று தையற்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "நிதானமா படிங்க" என்றாராம். அந்த மனுஷர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பாதியில் நிறுத்தப் பார்த்திருக்கிறார். அப்பா விடவில்லை. முழுக்கப் படித்த பிறகு, "எந்தக் கலர்னு போட்டிருக்கான்? அதை மட்டும் இன்னொரு தடவை படிங்க" என்றாராம்.

நான் வந்தபோது இரண்டு சுருளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊக்கு எதுல இருக்கு?" என்று கேட்டார். சிவப்பில் இருந்தது. அவர் பார்வை போன நாளிலிருந்து பச்சைச் சுருளில் ஊக்கு குத்தித்தான் அடையாளம் வைத்திருந்தாராம். எனக்கு எப்படித் தெரியும்? பழைய ஊக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை எந்தச் சுருளில் குத்தினேன் என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்வை உள்ளவள் நான், பார்க்கவில்லை.

அவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன், என் தப்பு என்று. "இல்லம்மா. ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவை பாக்கணும்னு முப்பத்துநாலு வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா என்ன கொறஞ்சுபோயிருக்கும்?" என்றார். பிறகு இரண்டு சுருளையும் என் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னார். நான் போடும் சத்தம் கேட்கும் வரை தலையை அந்தப் பக்கமே சாய்த்து வைத்திருந்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைவிட என்மேல் இருக்கிறது. சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா


19 ஏப்ரல் 1994

அக்கா,

கூண்டில் உட்கார்ந்து படித்தேன். அன்று கிரேனை ஓட்ட முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று இறங்கிவிட்டேன்.

ஜூன் வரை காத்திருக்கப் போவதில்லை. மே இருபத்தொன்றாம் தேதிக்கு விடுப்பு கேட்டு வாங்கிவிட்டேன். கூட வைத்திருக்கும் உறை அப்பாவுக்கு. நீயே படித்துக் காட்டு. வேறு யாரும் படிக்க வேண்டாம். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மூடியை என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்றும், அறையில் கூட இருப்பவன் இது என்ன என்று கேட்டபோது, என் அப்பா எனக்குக் கொடுத்த பச்சை என்று சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த வரியை நாலு தடவை அடித்து எழுதியும் சரியாக வரவில்லை. நீ படிக்கும்போது கொஞ்சம் நன்றாகப் படி.

தம்பி


3 மே 1994

அன்புத் தம்பிக்கு,

உன் உறை வந்த அன்றே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையில் வாங்கினார். நாலு ஓரமும் தடவிப் பார்த்தார். பிரிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எனக்கு யாரும் எதையும் படிச்சுக் காட்ட வேண்டாம்மா" என்றார். அதட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மசியவில்லை. உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

சரி, விஷயத்தையாவது சொல்வோம் என்று, தம்பி இருபத்தொன்றாம் தேதி வருகிறான் அப்பா என்றேன்.

"கண்ணைப் பத்தி எழுதிட்டியா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "அப்ப, எதுக்கு வர்றான்னு எனக்கு இனிமே தெரியாது" என்றார். அவ்வளவுதான் தம்பி. மறுநாள் காலையில் காபியை வைத்துக்கொண்டு, "கண்ணுக்காக வர்றதா இருந்தா வர வேண்டாம்னு எழுது" என்றார். எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

உண்மையை எழுதியது சரியா தப்பா என்று ரொட்டி அடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். எழுதாவிட்டால் நீ வந்திருக்க மாட்டாய். எழுதியதால் நீ வருவதை அவரால் நம்ப முடியவில்லை. இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி நான் நடுவில் நிற்கிறேன்.

நீ எதற்காக வருகிறாய் என்று அவர் கேட்பார். நான் பதில் சொல்ல முடியாது. வருவதானால் அந்தப் பதிலோடு வா, உறையை நீயே பிரித்துப் படி. இல்லையென்றால் வராதே, இன்னொரு தடவை அவர் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவதை என்னால் பார்க்க முடியாது.

கடிகாரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தாய். அவரும் அதையே சொன்னார். இரண்டு தடவை பெட்டியில் வைத்துக் கட்டினேன். மூடி இல்லாத பெட்டி, துணியைச் சுற்றித்தான் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் மறுநாள் காலையில் கட்டு அவிழ்ந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "சாவி கொடுக்கலேன்னா நின்னுடும்மா" என்றார். நானும் கட்டுவதை விட்டுவிட்டேன்.

உன் அக்கா