மறதிக்கு நீ எழுதிய ஐந்து வரிகள்

இன்று புது வேலையில் முதல் நாள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. கொடுத்த கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்ததுமே, யோசிக்காமல் என் விரல்கள் ஆங்கில எழுத்தில் ‘மறந்துட்டேன்’ என்று அடித்துவிட்டன. அப்படியொரு கட்டளையே கிடையாது என்று திரை பதில் சொன்னது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்புவதற்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடக்கியது கண்ணில் வந்து நின்றது. அந்தக் கட்டளை உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. ஆம்பூரில், நீயும் நானும் எட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறையில்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல நல்ல சேதி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறி வருவாய். நான் உள்ளூர்க்காரி, ஆனாலும் உனக்குப் பிறகுதான் வந்து சேருவேன். ஷூவின் ஒவ்வொரு துண்டையும் எந்த அளவில் வெட்டுவது என்ற படங்கள், கம்பெனியில் ‘பேட்டர்ன்’ என்பார்களே, அவையெல்லாம் இருந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதில் மவுஸால் தொட்டு நகர்த்த ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் கட்டளையாக அடிக்க வேண்டும். நீ பேசிக்கொண்டே அடிப்பாய். எனக்கோ ஒன்றும் தலையில் நிற்காது. துண்டுச் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைப்பேன். யாராவது உள்ளே வந்தால் அதன்மேல் கையை வைத்துக்கொள்வேன். படித்துவிட்டு வந்தவள் சீட்டைப் பார்த்து அடிக்கிறாளே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்.

ஒரு நாள் மதியம் நீ சாப்பிடப் போயிருந்தாய். கட்டிங் சூப்பர்வைசர் பாய் போன் செய்தார்.

“பழைய மாடல் பேட்டர்ன் இன்னாம்மா ஆச்சு? ஆளுங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்க.”

“இதோ அனுப்புறேன் பாய்.”

அந்தப் பேட்டர்ன்கள் பேக்கப்பில் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பிரிப்பதற்கு ‘எக்ஸ்’, கட்டுவதற்கு ‘சி’. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அவசரத்தில் சீட்டு கையில் அகப்படவில்லை. ‘சி’ அடித்தேன். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. காலி ஃபோல்டர் ஒன்றைக் கட்டி, மூன்று வருஷத்துப் பேட்டர்ன்கள் இருந்த மூட்டையை அழித்து அதன் இடத்தில் வைத்துவிட்டது. திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை.

நீ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், பிறகு திரையை. “நகரு” என்றாய். முந்தின நாள்தான் வேறொரு ஹார்டு டிஸ்கில் நீ ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாய். அரை மணி நேரத்தில் பேட்டர்ன் கீழே கட்டிங்குக்குப் போய்விட்டது.

“நான் வேலையை விட்டுடுறேன்டீ.”

“இன்னாத்துக்கு?”

“இது எனக்கு வராது. உனக்கு எல்லாம் மனப்பாடம். எனக்கு அப்படி இல்ல.”

இரண்டு நாள் கழித்து என் கம்ப்யூட்டரில் ‘மறந்துட்டேன்’ இருந்தது. அந்தச் சொல்லோடு, செய்ய வேண்டிய வேலையின் பெயரையும் அடித்தால் ஐந்தே வரி வரும். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பெரிய கையேடு பக்கம் பக்கமாக ஓடும். வேண்டியதைத் தேடுவதற்குள் பாய் மாடியேறி வந்துவிடுவார். உன்னுடையது நம் பேச்சிலேயே இருந்தது. மூட்டை கட்ட இப்படி. பிரிக்க இப்படி. பிரிக்காமலே உள்ளே இன்னா இருக்குன்னு பார்க்க இப்படி. ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுக்க இப்படி. கடைசி வரி கட்டளையே இல்லை: ‘முதல்ல பாரு, அப்புறம் பிரி. பேஜார் இல்ல.’

அன்றே சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன். என்னைக் கெட்டிக்காரி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது எனக்குள் வேறொரு முள்ளாகிவிட்டது. உன் மூளையை இரவல் வாங்கி வேலை பார்க்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று அதைச் சொல்லியும் விட்டேன். நீ மிகவும் இளைத்திருந்தாய். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாய்.

“அது உனக்காக எழுதினதுன்னா நினைச்சே?”

“பின்ன?”

“எனக்காகத்தான்டீ. சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருந்தேன். பேர் வெச்சு உன் மிஷின்ல போட்டதுதான் புதுசு. எனக்கும் ஒண்ணும் ஞாபகத்துல நிக்காது. உன்னைவிட ஜாஸ்தி பார்ப்பேன். நீ கவனிச்சதில்ல, அவ்ளோதான்.”

பேசிக்கொண்டே நீ அடித்ததெல்லாம், அந்த ஃபைலைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்ததாம். எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியவில்லை. என் சீட்டின் மேல் என் கை இருந்ததில், உன் பக்கம் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை போலிருக்கிறது. நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

போன மாதம் நம் ஆம்பூர் யூனிட்டை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில் இன்டர்வியூ. இதோ இந்தக் கம்பெனியில்தான். ஒரு மேடம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, “இந்த பேக்கப்லேர்ந்து இந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக் குடுங்க” என்றார். மூட்டை. அதே மூட்டைதான்.

“கட்டளை எனக்கு முழுசா ஞாபகத்துல இல்ல மேடம். பார்த்துட்டு அடிக்கலாமா?”

“இத்தனை வருஷமா பண்றீங்களே?”

“தினமும் பண்றேன் மேடம். தினமும் பார்த்துட்டுத்தான் பண்றேன்.”

இப்போது இணையத்தில் இதே மாதிரி சுருக்கக் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. யார் யாரோ சேர்ந்து எழுதி வைக்கிறார்கள். ஒன்றைத் திறந்தேன். பிரிப்பதற்கு முன்னால், உள்ளே இருப்பதைப் பட்டியலாகப் பார்த்தேன். அவர் கேட்ட கோப்பு அதில் இல்லை. பக்கத்திலிருந்த போன வாரத்து மூட்டையையும் அப்படியே பார்த்தேன்.

“இது இதுல இல்ல மேடம். போன வாரத்து பேக்கப்ல இருக்குது.”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். “காலையிலேர்ந்து மூணு பேரு. மூணு பேரும் மடமடன்னு அடிச்சாங்க. பிரிச்சு முடிச்சுட்டுத்தான் தேடினாங்க” என்றார். எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

இன்றுவரை ஒரு கட்டளையும் எனக்கு மனப்பாடமில்லை. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ எனக்குக் கொடுத்தது இதுதான். போகிற இடமெல்லாம் கொண்டு போகிறேன், கனமே தெரியவில்லை. முன்பெல்லாம் யாராவது என்னைச் சோதித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியும். இந்த முறை இன்டர்வியூ முடிந்து, வாலாஜா பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் பஸ் இரண்டைப் போகவிட்டு, ஓட்டலில் நிதானமாக உட்கார்ந்து ஒரு மசால் தோசை சாப்பிட்டேன்டீ. போதவில்லை. இன்னொன்று சொன்னேன்.