பூவரசடி வகுப்பும் ஜனவரிக் கப்பலும்

1962 அக்டோபர் 8, திங்கள்
காலையில் தூறல், பிறகு புழுக்கம். தலைமை ஆசிரியை பெரிய சிஸ்டர் ஒருவழியாகச் சம்மதித்தார். பள்ளிக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில் ஆறாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் இயற்கைப் பாடம். “பாம்பு வந்தா நீங்கதான் பொறுப்பு.” சரி என்றேன்.
வேண்டியவை: சணல் கயிறு, முளைக்குச்சி 28, உட்காரப் பழைய சாக்கு. பூவரசு ஒன்று இருக்கிறது, நிழலுக்குக் கவலையில்லை.
என் வீட்டுக்காரர் ஜோ.விடமிருந்து கடிதம் இல்லை. மூன்றாவது வாரம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அவர் கப்பலேறி நாலு வருடமும் ஒரு மாதமும்.

அக். 11, வியாழன்
முதல் வகுப்பு. 28 பிள்ளைகள், ஏழு சதுரம், ஒவ்வொன்றும் நாலு முழம். கயிற்றுக்குள் உயிரோடு இருப்பதையெல்லாம் எழுத வேண்டும்.
“எறும்பையும் சேக்கலாமா டீச்சர்?”
“சேக்கணும்.”
செல்வியின் சதுரத்தில் முதலில் “ஒண்ணுமே இல்ல டீச்சர், வெறும் புல்லு.” அரை மணி கழித்துப் பதினேழு. தும்பை, குப்பைமேனி, நாயுருவி, கீழாநெல்லி, மரவட்டை, எறும்பு இரண்டு தினுசு, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி... மணி அடித்தும் எழவில்லை.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் வீட்டுக்கு ஓடி வந்தேன். அத்தை, ஜோ.வின் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “புல்லு எண்றதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” ஜோ. இருந்திருந்தால் அந்தப் பச்சைப் பூச்சிக்கு எத்தனை கால் என்று கேட்டிருப்பார்.

அக். 13, சனி
கடிதம். பிரான்சில், தூலோன் துறைமுகத்தில் அறை கிடைத்துவிட்டது, ஒரு ஜன்னல், கீழே ரொட்டிக் கடை. ஆகஸ்டில் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்துவிட்டதால், தான் பிரெஞ்சுக் குடியாகவே இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் பிப்ரவரிக்குள் அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனவரிக் கப்பலில் வா என்கிறார்.
நாலு தடவை படித்தேன். அவர் குரலில் படித்துப் பார்க்க முயன்றேன், குரல் வரவில்லை. இருமல் மட்டும் ஞாபகம். பயமாக இருந்தது.
அத்தை: “போட்டுடு கையெழுத்த. எத்தினி நாளுக்கு இப்பிடி?”

அக். 18, வியாழன்
நல்ல வெயில். வகுப்பு நடுவில் செல்வியின் அம்மா அஞ்சலை. பெரிய சிஸ்டரும் கூடவே. அஞ்சலை வயல் வேலைக்குப் போகிறவள்.
“நான்தான் நாள் பூரா களை புடுங்கறேன். இவளும் மண்ல குந்தறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பனேன்?”
சிஸ்டர் என்னைப் பார்த்தார். இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். செல்வி அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் சதுரத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். அஞ்சலை குனிந்து ஒரு செடியைத் தொட்டாள்.
“இது கீழாநெல்லின்னு யாரு சொன்னது?”
“டீச்சர்.”
“கீழாநெல்லின்னா காய் இலைக்கு அடியில வரிசையா தொங்கும். இதுல எங்க இருக்குது?”
இல்லைதான். தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். அஞ்சலைக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. மீதி ஆறு சதுரத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். சிஸ்டர் வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை.

அக். 27, சனி
பிள்ளைகளோடு நோணாங்குப்பம் ஆற்றங்கரை. அஞ்சலையும் துணைக்கு. சேற்றில் நண்டுகள், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிது. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்தார்கள். 41 வரை எண்ணினோம், யாரோ ஒருத்தி தும்மினாள், அத்தனையும் வளைக்குள்.
கடல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. அஞ்சலை பக்கத்தில் வந்தாள்.
“ஊட்டுக்காரர் எப்ப வராரு?”
“அவரு வரமாட்டாரு. நான்தான் போவணும்.”
“அப்ப இதுங்க?”
மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த பிள்ளைகளைத்தான் சொன்னாள். அவரும் வேண்டும், இதுவும் வேண்டும். ஒரு உடம்புக்குள் இரண்டு பசி.

நவ. 5, திங்கள்
இரண்டு நாளாக விடாத மழை. குடை பிடித்துக்கொண்டே பிரெஞ்சு அலுவலகம் போனேன். பிரெஞ்சுக் குடியாக இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பேனா நன்றாகவே ஓடியது.
ஊரை விட்டுப் போகப் போவதைப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். “அந்த வகுப்ப யார் எடுப்பா?” என்று மட்டும் கேட்டார்.

நவ. 7, புதன்
மழை விட்டது. ஜோ.வுக்குப் பதில் எழுதித் தபாலில் போட்டேன். ஜனவரியில் இல்லை, வருடப் பரீட்சை முடிந்து மே மாதம். அதற்குள் இன்னொரு டீச்சரைப் பழக்கிவிட வேண்டும். “உங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை” என்றும் எழுதினேன். இரண்டும் ஒரே கடிதத்தில். கோபம் வந்தால் வரட்டும்.
அத்தையிடம் சொல்லப் பயம். “ஜனவரி இல்ல அத்தை, மே மாசம்தான்.”
திட்டுவார் என்று காத்திருந்தேன். இத்தனை நாள் போ போ என்று விரட்டியவர்.
“மேயா? நல்லதாப் போச்சி,” என்றார். “நீயும் போயிட்டா இந்த ஊட்ல நான் யார்கிட்ட பேசறது?”
முகத்தைக் காட்டாமல் அரிசி களைய எழுந்து போனார்.