ஐந்தாவது சனிக்கிழமை

ஜனவரி 6, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். அதற்கு நடுவில் ஹரிகிருஷ்ணன் சார் போன். எங்கள் ராஜபாளையம் இசைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வீட்டில் தெலுங்கு, பேச்சிலும் அது எட்டிப் பார்க்கும்.

“ஏமண்டி டீச்சர், இந்த வருசம் பழைய பாட்டு விழா. அஞ்சு சனிக்கிழமை. முழுப் பொறுப்பும் உங்களுது. ரிட்டயர் ஆகி சும்மாத்தான இருக்கீங்க?”

சும்மாவாம்! முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த தொண்டை இப்போதுதான் செத்த நேரம் ஓய்ந்திருக்கிறது. இருந்தாலும் வாய் சரி என்று சொல்லிவிட்டது. புத்தி எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் வரும் எனக்கு.

உட்கார்ந்து பட்டியல் போட்டேன். முதல் வாரம் நாடக மேடைப் பாட்டு. இரண்டாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் கும்மி, கோலாட்டம். மூன்றாவது நையாண்டி மேளம். நாலாவது அக்கார்டியனோடு பழைய மெல்லிசை. ஐந்தாவது வில்லுப்பாட்டு.

அங்கே பேனா நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வில்லுப்பாட்டு என்றால் மகாராஜபுரம் சுடலையம்மாள்தான். அவளை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிட்டாலும் ஊர் சிரிக்கும்.

முப்பத்தாறு வருஷமாகப் பேச்சில்லாதவளிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது?

ஜனவரி 11, சனி

சுடலையம்மாள் நம்பர் கிடைத்தது. போன் பண்ணவில்லை.

ஜனவரி 15, புதன்

பீரோவின் மேல் தட்டில் அந்தக் கேசட் இருந்தது. டேப் ரிக்கார்டர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெட்டைச் சடையில் நான். “பரிபூரணம் குழுவினரின் வயல்வெளிப் பாட்டுகள்.”

பொய். குழு சுடலையம்மாளுடையது. மெட்டும் அவளுடையது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துத் தறி. அந்த இரைச்சலுக்கு மேலே தொண்டையைத் தூக்கி அவள் பாடுவாள், நான் பின்பாட்டு. “ஏட்டி பூரணம், சத்தம் பத்தலட்டி!” என்று நூல்கட்டையால் விலாவில் ஒரு குத்து. பருத்திப் பஞ்சு தலையெல்லாம் ஒட்டி, கிழவிகள் மாதிரி வெளியே வந்து, ஒரே டிபன் பாக்ஸில் புளிச்சோறு தின்போம். அந்தச் சோற்றின் ருசி அதற்கப்புறம் எந்தக் கல்யாண வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கேசட் போட்ட ஆள் மதுரைக்காரர். “சுடலையம்மாள்னு போட்டா ஒப்பாரிப் பாட்டுன்னு நெனச்சு ஒரு பய வாங்க மாட்டான். இந்தப் பிள்ளை முகம் நல்லாருக்கு, பேரும் நல்லாருக்கு” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போட்டோவுக்கு எந்தச் சேலை கட்டலாம் என்றுதான் அன்றைக்கு யோசித்தேன்.

அந்தக் கேசட்டைக் காட்டித்தான் பாட்டு டீச்சர் வேலையே வாங்கினேன். இதை ரத்தினத்திடம்கூடச் சொன்னதில்லை. கட்டின புருஷனிடமே!

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வத்திராயிருப்பு பஸ் ஏறி மகாராஜபுரம் போய்விட்டேன். வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன்.

அவள் இரண்டு போனை வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றி ஒன்றில் பேசிக்கொண்டிருந்தாள். வைகாசிவரை ஊர் ஊராகப் பாட்டு இருக்கிறதாம். தலை முழுக்க வெள்ளை. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“வாங்க டீச்சர். உக்காருங்க” என்றாள்.

வாங்க. உக்காருங்க. இதற்கு வாரியலால் நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

கடைசிச் சனிக்கிழமை, பங்குனி வாக்கில் வரும், தேதி முடிவானதும் சொல்கிறேன் என்றேன். “கூப்பிட்டா வருவோம். தொழிலுதான” என்றாள். மருமகள் காளீஸ்வரிதான் இப்போது பின்பாட்டாம். காப்பி கொண்டுவந்து வைத்தாள், மாசமாக இருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, “சர்க்கரை போதும்” என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோழை!

பிப்ரவரி 8, சனி

முதல் விழா. நூறு நாற்காலி போட்டோம், முந்நூறு பேர். ஹார்மோனியத்தில் முதல் கட்டை அழுத்தியதுமே முன்வரிசைப் பெரியவர் ஒருவர் “ஆஹா” என்று தொடையில் தட்டினார். ஹரிகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் தறிச் சத்தம் கேட்டது.

ஐந்தாவதற்குத் தேதி முடிவு: மார்ச் 22. அன்றைக்குத்தான் மண்டபம் காலி. எங்கள் குருத்தோலை ஞாயிற்றுக்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. நல்லதாகப் போயிற்று. சுடலையம்மாளுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. பேசிக் கேட்டிருக்கலாம், பயம். நோட்டீஸ் அச்சுக்குப் போயாயிற்று.

மார்ச் 1, சனி

நையாண்டி மேளம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பெண்கள் எழுந்து ஆடியே விட்டார்கள். கால் வலி.

மார்ச் 9, ஞாயிறு

அவளே போன் பண்ணினாள்.

“டீச்சர், மெசேஜுலாம் நான் பாக்குறதில்ல, இன்னைக்குத்தான் காளீஸ்வரி வாசிச்சா. இருவத்திரெண்டுக்கு வர முடியாது. பதினெட்டு செவ்வாக்கெழம ஊருல காப்புக் கட்டுதோம். நான் அக்கினிச்சட்டி எடுக்கேன். காப்புக் கட்டின பொறவு எல்லையத் தாண்ட மாட்டேன்.”

“நோட்டீஸ் அடிச்சாச்சே!” என்று கத்திவிட்டேன்.

“பங்குனின்னா காப்பு இருக்கும்னு இந்தச் சீமையில பச்சப்பிள்ளைக்கும் தெரியும். நீங்க எங்கிட்ட தேதி கேக்கலையே. சொல்லத்தான செஞ்சீய?” வைத்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

பழி வாங்குதாளோ? முப்பத்தாறு வருஷமாக் காத்திருந்து, எல்லாருக்கும் முன்னால எம் மூஞ்சியில கரியப் பூசணும்னு—

சீ. பூரணம், உனக்கு வெட்கமே கிடையாதா? இந்த மண்ணில் அறுபது வருஷம் இருந்துவிட்டு, பங்குனியில் தேதி குறிக்கும்போது “உங்க ஊர்ல காப்பு எப்போ?” என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. ரத்தினம் சிரிக்கிறார். “குருத்தோலை ஞாயிறு பாத்துக் குறிச்ச. அவுகளுக்கும் ஒரு காலண்டர் உண்டும்மா.”

கோபமாகத்தான் நோட்டீஸைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். “ஒருங்கிணைப்பு: பரிபூரணம்” என்று கொட்டை எழுத்து. கீழே எறும்பு ஊர்கிற மாதிரி “மகாராஜபுரம் சுடலையம்மாள் குழு.”

நான்தான் புரூஃப் பார்த்தேன். எழுத்துப்பிழை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கேசட் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

ஹரிகிருஷ்ணன் சார், “வேற செட்டு ஏற்பாடு பண்ணுங்க, பரவாலேது” என்றார். மாட்டேன் என்றேன். காப்புக் கட்டினவள் எல்லை தாண்டக் கூடாது, நாம் தாண்டலாமே? ஐந்தாவது விழா மகாராஜபுரத்தில். வேன் வைத்துப் போவோம்.

“நோட்டீஸ்ல ராஜபாளையம்னு இருக்கே டீச்சர்?”

“சீட்டு அடிச்சு ஒட்டிருதேன் சார். என் கையாலயே.”

அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “ஆகட்டும்” என்றாள். பிறகு நிபந்தனை ஒவ்வொன்றாக வந்தது: “அன்னைக்கு நாங்க அம்மனுக்குப் பாடுத பாட்டு. உங்க சங்கத்து பேனரு கட்டப்பிடாது. கவிச்சி சாப்பிட்டுட்டு யாரும் வரப்பிடாது. ராத்தங்கவும் கூடாது.”

எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மார்ச் 15, சனி

அறுநூறு நோட்டீஸுக்கும் சீட்டு ஒட்டி முடித்தேன். ரத்தினம் பசை தடவிக் கொடுத்தார். சீட்டில் ஊர் பேர், அவள் பேர், இரண்டுதான். பெரிய எழுத்தில். என் பேர் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. ஒட்டும்போதே கேசட் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். “அவுககிட்ட மன்னிப்புக் கேட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. சர்ச்சில் பாடவில்லை. நேற்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

இரண்டு வேன். ரத்தினம் சனிக்கிழமைக் கறியைத் தியாகம் பண்ணிவிட்டு வந்தார். அம்மன் கோயில் பந்தல், சாயங்காலம் ஆறரை. வில்லுக்கு மாலை போட்டு, உடுக்கையும் குடமும் தயார். பின்பாட்டு இடம் காலி. காளீஸ்வரியை அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் முன்வரிசையில் நாற்காலியில். கையில் மஞ்சள் காப்போடு சுடலையம்மாள் வில்லில் அடிக்கிற வீசுகோலை எடுத்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். மைக்கிலேயே சொன்னாள்:

“ஏட்டி பூரணம், அங்கன என்ன பெரிய மனுசியாட்டம் சேர்ல? இங்க வா.”

போய்க் காதோடு, “நான் வேதக்காரிட்டி, சர்ச்சுக்குப் போறவ” என்றேன்.

“ஆமா போடுறதுக்கு என்ன வேதம்? உக்காரு.”

உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, எப்படியோ மடக்கினேன். காப்புச் செய்யுள் பாடி, அம்மனை அழைக்கிற வரத்துப் பாட்டும் பாடி, கதையை நிறுத்திவிட்டு நடுவில் வசனம் பேச ஆரம்பித்தாள். வில்லுப்பாட்டில் தலைப்பாட்டுக்காரி எது சொன்னாலும் பின்பாட்டு ‘ஆமா’ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டு நகராது.

“சத்திரப்பட்டித் தறியில ரெண்டு கொமரிக இருந்தாளுக.”

“ஆமா.”

“ஒரு சட்டிச் சோத்தத் தின்னாளுக.”

“ஆமா.”

“ஒருத்தி பாடுனா. ஒருத்தி பேரு வாங்கிட்டா.”

மொத்த ஊரும் எதிரே. வேனில் வந்த என் சங்கத்துக்காரர்கள், என்னிடம் பாட்டுப் படித்த பிள்ளைகள். அவள் கோலை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“ஆமா” என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

“சத்தம் பத்தலட்டி!”

“ஆமா!” என்று கத்தினேன்.

வில்லில் ஓங்கி ஒரு அடி. மணியெல்லாம் குலுங்க அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனை ஆமா சொன்னேன் என்று கணக்கில்லை.

மார்ச் 28, வெள்ளி

காளீஸ்வரிக்குப் பெண் குழந்தை. சுடலையம்மாள் போன் பண்ணினாள். மருமகள் எழுந்து வர ஆறு மாசம் ஆகுமாம்.

“சித்திரையில நாலு எடத்துல பாட்டு இருக்கு. வருவியாட்டி?”

“தேதி சொல்லு” என்று காலண்டரை எடுத்தேன்.

“பொறுட்டி. மொதல்ல நீ சொல்லு. ஒங்களுக்குப் பெரிய வெள்ளி என்னைக்கு?”

ஏப்ரல் பதினெட்டு என்றேன்.

“அன்னைக்கு நான் வேற ஆள வச்சுக்கிடுதேன்” என்றாள். மற்ற மூன்றையும் குறித்துக்கொண்டேன்.