மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டாமல்

ஏப்ரல் 18, வியாழன்

புது வண்டி வந்துவிட்டது. சிவப்பு. ஆறு சிலிண்டர், இரண்டே இருக்கை, மொத்தம் ஓடியது பதினொரு கிலோமீட்டர். வண்டிக்குச் சொந்தக்காரர் பார்மா நகரில் பன்றித்தொடை உப்பிட்டு விற்கும் சிஞ்ஞோரா ஃபோஸ்கா என்ற அம்மாள். பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு வண்டியைப் பழக்கப் பொறுமை இருக்காது. அப்பாவின் வேலையே அதுதான்: இப்படிப்பட்டவர்களின் புது இஞ்சினை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பதமாக ஓட்டி, பழக்கிக் கொடுப்பது.

அம்மா கார் ஆலையில் இருக்கைத் தோல் தைக்கிறாள். வெளியே வந்து வண்டியின் தையலை மட்டும் குனிந்து பார்த்தாள். “இது ரோசன்னா கை. முனையில இழுத்துட்டா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த முறை அப்பா என்னையும் கூட்டிப் போகிறார்! “மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லையே, சும்மா தானே இருக்கே? நான் ஓட்டுறேன். நீ இஞ்சின் சுத்து காட்டுற ஊசியைப் படி, வண்டிப் புத்தகத்துல எழுது.”

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் கூடாது. எண்ணெய் சூடாகும்வரை அதுவும் கூடாது. ஒரே வேகத்தில் போகக் கூடாது; பெரிய கியரில் திணறவிடவும் கூடாது. ஏற்றத்தில் கொஞ்சம் இழுக்கவிட வேண்டும், இறக்கத்தில் காலை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டிப் பழகுமாம்.

இன்று நூற்று நாற்பது கிலோமீட்டர் வரை வந்தோம். நான் ஊசியை நூறு நூறாக எண்ணி “முப்பது... முப்பத்திரண்டு... முப்பத்து நாலு, அப்பா!” என்று கத்திக்கொண்டே வந்தேன். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம்.

ஏப்ரல் 19

இன்றும் மழையில்லை. 270. கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பின் கண்ணாடியில் ‘பழகுகிறது’ என்ற அட்டை ஒட்டியிருக்கிறோம். அந்த அட்டை இருந்தால் பின்னால் வருகிறவர்கள் மன்னித்துவிட வேண்டும் என்பது வழக்கம். மன்னிக்கிறார்கள். ஆனால் சும்மா போவதில்லை. இன்று எங்களை முந்தியவை: பால் லாரி ஒன்று, பாதிரியாரின் குட்டி ஃபியட், செர்ராமத்ஸோனி ஏற்றத்தில் ஒரு சைக்கிள்காரர். அவர் மிதித்துக்கொண்டே ஜன்னலைத் தட்டி, “தள்ளி விடட்டுமா?” என்றார். அப்பா தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். மேலே கடையில் நின்றபோது அப்பா எண்ணெய் டப்பாவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் தள்ளி. பிறகு என்னிடம் கொடுத்தார். “என்ன எண்ணு போட்டிருக்கு? வெளிச்சம் சரியில்ல.”

நல்ல வெயில். எண் என் கட்டைவிரல் அளவு.

அப்படியானால் என்னை எதற்குக் கூட்டிப் போகிறார்?

ஏப்ரல் 22

கேட்டுவிட்டேன். இறக்கத்தில், அவர் காலை எடுத்திருந்தபோது. “அப்பா, உங்களுக்கு ஊசி தெரியலையா?”

அப்பா கையை நீட்டி, “அதோ அந்த மணிக்கூண்டுல மணி என்ன சொல்லு,” என்றார். எனக்குத் தெரியவில்லை. “நாலு இருபது. எனக்குத் தெரியுது. பக்கத்துல இருக்கிறதுதான்... கலங்குது. நவம்பர்லேருந்து.”

சித்தப்பா நெல்லோவுக்கும் பக்கத்தில் இருப்பதுதான் முதலில் கலங்கியது. மூன்று கண்ணாடி மாற்றினார்கள், ஒன்றும் உதவவில்லை. இப்போது வெள்ளைக் கோலோடு நடக்கிறார். அப்பாவும் அதைத்தான் நினைக்கிறார். சொல்லவில்லை, ஆனால் நினைக்கிறார்.

“அம்மாகிட்ட மூச்சு விடாதே. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவா. டாக்டர் லைசென்ஸ்ல எழுதிடுவாரு. கண்ணு போனவன்கிட்ட இந்த ஊர்ல எவன் புது வண்டி கொடுப்பான்? மறுநாளே எல்லாம் வைனர் வாசல்ல நிக்கும்.”

வைனரும் அப்பா மாதிரி வண்டி பழக்குகிறவர்தான். வயது முப்பது. வாய் அறுபது.

சத்தியம் செய்தேன். அதனால்தான் போர்வைக்குள் டார்ச் வைத்து இதை எழுதுகிறேன். எங்காவது சொல்ல வேண்டுமே! அப்பாவுக்குக் கண் போய்விடுமா? இரண்டு வருடத்திலா, ஒரு வருடத்திலா? சாப்பாட்டு மேஜையில் அம்மா எது கேட்டாலும் எனக்கு இருமல் வருகிறது.

ஏப்ரல் 24, புதன்

தப்பு நடந்துவிட்டது. நான் செய்தது. இரண்டு தப்பு.

640வது கிலோமீட்டர், செர்ராமத்ஸோனி ஏற்றம், மூன்றாம் கியர். பின்னாலிருந்து வைனர் ஒரு மஞ்சள் வண்டியில் வந்தார். சைலன்ஸர் இல்லாத மாதிரி சத்தம். முந்திப் போகாமல் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: “என்ன எர்மெஸ், சவ ஊர்வலமா? மாலை எங்கே?”

அப்பா சிரிக்கவில்லை. காலைக் கொஞ்சம் அழுத்தினார். எனக்குக் கோபம். நான் வைனரைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“மிர்னா, ஊசி?”

பார்க்காமலே சொன்னேன்: “முப்பத்தஞ்சு!”

வைனர் முந்திப் போனார். அவர் சத்தம் போனதும் எங்கள் வண்டியின் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று காலை எடுத்தார். முகம் வெளுத்துவிட்டது. “இது முப்பத்தஞ்சு இல்ல. நாப்பத்தாறு.”

அவருக்குக் காதில் தெரிகிறது! வைனர் சத்தத்தில்தான் கேட்காமல் போயிருக்கிறது.

திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. மேலே நிறுத்தி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எழுது. அறுநூத்தி நாப்பதுல, அதிகபட்சம் நாலாயிரத்து அறுநூறு, ரெண்டு நொடி,” என்றார்.

நான் எழுதினேன். 3800 என்று எழுதினேன்.

சிஞ்ஞோரா ஃபோஸ்கா அந்தப் புத்தகத்தைப் படிப்பார். 4600 என்று இருந்தால் அப்பாவைத்தானே சொல்வார்? அதனால்தான் — இல்லை, பொய். அப்பாவால் படிக்க முடியாது என்பது தெரிந்துதான் எழுதினேன்.

அப்பா குனிந்து பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்ல எழுத்து,” என்றார்.

ஏப்ரல் 25

நாட்டு விடுதலை நாள் விடுமுறை. ஊரில் கொடி, பாண்டு வாத்தியம். நான் ஐஸ்கிரீம்கூட முழுதாகத் தின்னவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 27, சனி

ஆயிரம். எண்ணெய் மாற்றினோம். அப்பா பழைய எண்ணெயை வெள்ளைப் பீங்கான் சட்டியில் வடித்து, கயிறு கட்டிய காந்தத்தை உள்ளே விட்டார். இஞ்சினுக்குள் ஏதாவது கீறியிருந்தால் காந்தத்தில் துகள் துகளாக ஒட்டுமாம். வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். “நீ பாரு.”

சாம்பல் மாதிரி மெல்லிய பூச்சு. விரலால் தேய்த்தேன். குத்தவில்லை.

“மாவு மாதிரி இருக்குப்பா.”

“மாவுதானே? ரவை இல்லையே?”

“மாவு.”

அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என் பாவாடை முழுக்க எண்ணெய். அம்மா மாடியிலிருந்து, “ரெண்டு பேரும் உள்ள வாங்க, உங்களையும் வடிச்சு எடுக்கிறேன்!” என்று கத்தினாள்.

இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தில் 3800 அப்படியே இருக்கிறது.

மே 2

1500 முடிந்தது. கடைசி இருநூறில் ஐயாயிரம் வரை விட்டோம். என்ன ஒரு சத்தம்! வைனரின் மஞ்சள் வண்டியை முந்தும்போது அப்பா தொப்பியைத் தூக்கினார். நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. ஊசியை மட்டும்தான் பார்த்தேன்.

நாளை மறுநாள் சிஞ்ஞோரா வருகிறார். அந்த வரியைத் திருத்தலாமா? எழுந்து போனேன். புத்தகம் அப்பாவின் கோட்டுக்குள் இருந்தது. கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மே 4, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

சிஞ்ஞோரா ஃபோஸ்கா ரயிலில் வந்தார், கையில் ஒரு முழு உப்புப் பன்றித்தொடையோடு. குண்டு, பெரிய குரல், பச்சைச் சட்டத்தில் கல் வைத்த மூக்குக்கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. வண்டியைச் சுற்றி வந்தார். அப்பா கொடுத்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவரிடமே நீட்டி, “எண்ணெய் மாத்தினது எந்தப் பக்கம்?” என்றார்.

அப்பா புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளி. நான் ஓடி வருவதற்குள் சிஞ்ஞோரா சிரித்துவிட்டார்.

“கை நீளம் பத்தலையா? என்ன வயசு உங்களுக்கு?”

“நாப்பத்தாறு.”

“அப்புறம் என்ன! எனக்கு நாப்பத்து மூணுல வந்துது. என் தம்பிக்கு நாப்பத்தஞ்சுல. ஊர்ல எல்லாருக்கும் வர்றதுதானே. இந்தாங்க.” தன் கண்ணாடியைக் கழற்றி, சங்கிலியோடு, அப்பாவின் மூக்கில் மாட்டிவிட்டார்.

அப்பா வண்டிக்குள் போய் உட்கார்ந்தார். “சின்னக் கோடுகூடத் தெரியுது,” என்றார் ஊசியிடம். “நெல்லோவுக்கு எதைப் போட்டும் தெரியல. எனக்குத் தெரியுது. மிர்னா! தெரியுதுடி!”

கல் வைத்த கண்ணாடியோடு அப்பா! நான் சிரித்தேன், அழுதேன், எல்லாம் ஒன்றாக. அப்புறம்தான் பார்த்தேன். படிக்க முடிகிற சந்தோஷத்தில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம்.

ஒரு வரியில் நிறுத்தி விரலை வைத்தார். என்னைப் பார்த்தார்.

“ஏம்மா?”

“உங்களுக்கு வண்டி வராமப் போயிடும்னு...”

அப்பா என் பேனாவை வாங்கி அந்த எண்ணை அடித்து, பக்கத்தில் 4600 என்று எழுதி, சிஞ்ஞோராவிடம் காட்டினார். “ஏத்தத்துல ரெண்டு நொடி. இஞ்சின் நல்லா சூடாத்தான் இருந்துது. எண்ணெய்ல துகள் இல்ல. பொண்ணு ஊசியைப் பார்க்கல, நான் படிக்க முடியாம ஓட்டினேன். இஷ்டமில்லேன்னா சொல்லுங்க, என் கூலியைக் கொடுக்க வேணாம்.”

சிஞ்ஞோரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என் கிடங்குல நாலாயிரம் தொடை தொங்குது. ஒவ்வொண்ணுலயும் ஒரு அட்டை, உப்பு எத்தனை நாள், எடை எவ்வளவுன்னு. அடிச்சுத் திருத்தல் இல்லாத அட்டையைப் பார்த்தா அந்தத் தொடையைத்தான் முதல்ல குத்தி மோந்து பார்ப்பேன். இத்தனை பக்கத்துல ஒரு திருத்தம்கூட இல்லையேன்னு இப்பத்தான் யோசிச்சேன்.” அப்புறம், “படிக்க முடியலேன்னா நாலாயிரத்து அறுநூறுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“காதுல.”

“அப்படியா?” கண்ணாடியைத் தன் மூக்குக்கு மாற்றிக்கொண்டு, தலையிலிருந்த துணியை அவிழ்த்து ஊசியின் மேல் கட்டினார். “ஏறுங்க. நான் ஓட்டுறேன், நீங்க சொல்லுங்க.”

இருபது நிமிடம் வாசலில் நின்றேன். இருபது வருடம் மாதிரி. திரும்பி வந்தபோது சிஞ்ஞோரா சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது முறை கேட்டாராம். எட்டு முறை துணியைத் தூக்கினால் ஊசி அப்பா சொன்ன எண்ணில். ஒன்பதாவதில் நூறு தள்ளி.

“அந்த ஒரு தடவை பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சான்,” என்றார் அப்பா.

கூலியையும் கொடுத்தார், தொடையையும் கொடுத்தார். கண்ணாடியை மட்டும் கொடுக்கவில்லை. “இது எனக்கு வேணும். நீங்க போய் ஆம்பளைக் கண்ணாடியா ஒண்ணு வாங்குங்க.”

வண்டி போனபிறகு அப்பா என் தலையில் கை வைத்தார். “இன்னொரு தடவை என் புத்தகத்துல பொய் எழுதினா, ஏத்தத்துல இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்வேன்.” கை கனமாக இருந்தது. எடுக்கவும் இல்லை.

மே 5

அம்மாவிடம் அப்பாவே சொன்னார். அம்மா தொடையை வெட்டிக்கொண்டே, “மூணு மாசமா சட்டைப் பித்தானை ஓட்டை மாத்திப் போட்டுட்டு வர்ற ஆளைப் பார்த்துட்டுத்தானே இருக்கேன்? நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்,” என்றாள்.

மே 22, புதன்

புது வண்டி. நீலம். ஓடியது ஒன்பது கிலோமீட்டர். சிஞ்ஞோராவின் தம்பியுடையது. டாக்டர் லைசென்ஸில் ‘கண்ணாடியுடன்’ என்று எழுதிவிட்டார். அப்பா அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார்.

இன்று தனியாகவே போனார். நான் வீட்டில் லத்தீன் படித்தேன். கொஞ்சம் வருத்தம்தான்.

ஆறு மணிக்கு வந்து புத்தகத்தை மேஜையில் போட்டார். அதிகபட்சம் 3400, அவர் கையெழுத்தில். மூன்று என்பது எட்டு மாதிரி இருக்கிறது, நான்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே தெரியவில்லை. படிக்க எனக்கு அரை நிமிடம் ஆனது.